மூன்றாவது ஓட்டை

ஜூன் 2, திங்கள்

அப்பாவின் முதல் வருடத் திதி இருபத்தேழாம் தேதி வருகிறது. அதற்குள் படத்தைச் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்று அம்மா சொன்னாள்.

படம் ஒரு வருடமாக ஹாலில் நீல பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறது. அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. பெருக்கும்போது அம்மா படத்தோடு சேர்த்து அதைத் தூக்கி நகர்த்துகிறாள்.

கான்கிரீட் சுவர். ஆணி வளைந்துவிடும். டிரில்லிங் மெஷின் இல்லாமல் ஆகாது.

கிழக்குச் சுவரில் ஏற்கெனவே மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. என் புத்தகங்களுக்கு அலமாரி மாட்ட அப்பா போட்டவை. இரண்டு முழுமையானவை. மூன்றாவது பாதி. நான்காவது இன்னும் பென்சில் குறியாகவே இருக்கிறது. மூன்றாவது போடும்போதுதான் அப்பா ஏணியிலிருந்து விழுந்தார். அந்தப் பாதியை முடித்து அதிலேயே படத்தை மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம்.

"இந்தத் தடவ நல்லதா வாங்கு கண்ணு. வெலையப் பாக்காத."

போன தடவை வாங்கியது மலிவானது. அதனால்தான் அப்பா போனார் என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த விஷயம்.

ஜூன் 4, புதன்

காலை முழுவதும் ஆய்வேட்டைத் திறக்காமல் டிரில்லிங் மெஷின்களைப் பற்றிப் படித்தேன்.

மலிவானதில் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். நல்லதில் உலோகம். மலிவானதில் ஒயர் ஒன்றரை மீட்டர், எதற்கும் எட்டாது. நல்லதில் கார்பன் பிரஷ் தேய்ந்தால் வெளியிலிருந்தே மாற்றலாம். மலிவானதைப் பிரித்தால் மறுபடி மூட முடியாது.

வீட்டு உபயோகத்தில் ஒரு மெஷின் தன் ஆயுளில் மொத்தம் கால் மணி நேரம்தான் ஓடுகிறது, அதற்கு எதற்கு இவ்வளவு விலை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே இன்னொருவர்: அந்தக் கால் மணி நேரமும் அது உங்கள் கையில் இருக்கிறது.

எங்கள் பழைய மெஷின் போட்டவை: ஜன்னல் திரைக்கு நான்கு, குளியலறைக் கண்ணாடிக்கு இரண்டு, கொடிக் கம்பிக்கு இரண்டு, அலமாரிக்கு இரண்டரை.

இரண்டாம் மாதமே டிரிகர் போய்விட்டது. விரலால் அழுத்தினால் பிடிக்காது. பக்கத்திலிருக்கும் லாக் பட்டனை உள்ளே தள்ளிவிட்டால் விடாமல் ஓடும். அந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அப்பா லாக்கை உள்ளே தள்ளியே வைத்துவிட்டார். அதன் பிறகு சுவரிலிருக்கும் சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். அவர் ஏணியில் நிற்பார். யாராவது ஒருவர் சுவிட்ச் அருகில் நிற்க வேண்டும். "போடு" என்பார். "ஆஃப்" என்பார்.

யாராவது ஒருவர்.

ஜூன் 7, சனி

துரைசாமி மாமா வந்திருந்தார். அம்மாவின் அண்ணன். கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறையிலிருந்து ஓர் ஆளை அனுப்புகிறேன், பத்து நிமிட வேலை என்றார். வெளியாள் வேண்டாம், எங்கள் வீட்டு ஓட்டையை நாங்களே முடித்துக்கொள்கிறோம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மாமா படத்தைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தார்.

"அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நம்ம பட்டறை மெஷினக் குடுத்துட்டுப் போயிருப்பேன். ரெண்டு மாசம் தாங்காத சாமான். ஆளையே கொண்டுபோயிருச்சு பாரு பாப்பா."

அம்மா எழுந்து, பால் பொங்கிவிடும் என்று சமையலறைக்குப் போனாள். அடுப்பில் எதுவும் இல்லை.

மெஷின் சரியில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலில் சொன்னது யார்? ஒரு செய்தி எங்கே தொடங்கியது, யார் வாய்வழியாக வந்தது என்று தேடுவதுதான் வரலாற்று மாணவியாக என் வேலை. கல்வெட்டுகளுக்குச் செய்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஓட்டை போடுகிறார்கள்.

சத்தம் பரவாயில்லை. அது நிற்கும்போதுதான். அடுத்து ஏதோ விழப்போகிறது என்று காத்திருக்கிறேன். எதுவும் விழவில்லை. மறுபடி தொடங்கியது.

அம்மா தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தவள் மிக்ஸியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். பிறகு பிளக்கைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜாரைக் கழற்றினாள். ஒரு வருடமாக இப்படித்தான். மிக்ஸியோ கிரைண்டரோ, கை வைக்கும் முன் அதன் பிளக் அவள் கண்முன் இருக்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

ஹால் ஃபேன் சுவிட்சை நான் தொடுவதில்லை. புழுங்கினால் என் அறைக்கு எழுந்து போய்விடுகிறேன். அம்மா கவனித்திருப்பாள். கேட்டதில்லை.

போர்டில் நான்கு சுவிட்சுகள், ஒரு பிளக் பாயின்ட். ஃபேனுடையதும் பிளக் பாயின்டுடையதும் அடுத்தடுத்து இருக்கின்றன.

இதில் எழுதி வைக்க ஒன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

உக்கடத்தில் மன்சூர் பாய் கடை. இரண்டு மெஷின்களை எடுத்து மேசை மேல் வைத்தார். மொத்தம் எத்தனை ஓட்டை போடுவீர்கள் என்று கேட்டார். ஒன்று, ஒரு படம் மாட்ட என்றேன்.

"ஒரு ஓட்டைக்கு ஒரு மெஷினுங்களா? நாளைக்குப் படம் மாட்ட ஒரு வீடு கட்டுவீங்க போல."

மலிவானது கையில் பொம்மை மாதிரி இருந்தது. நல்லது கனம். மணிக்கட்டு கீழே இறங்கியது. அவர் பிளக்கில் சொருகித் தந்தார். டிரிகரை அழுத்தினேன், ஓடியது. விட்டேன், நின்றது. அழுத்தினேன். விட்டேன். உடனே நின்றது. மறுபடி. ஏழெட்டுத் தடவை ஆகியிருக்கும். மோட்டார் சூடாகிவிடும் மேடம் என்று அவர் மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

எல்லாப் பழியையும் ஒரு பொருளின் மேல் போடுவது நியாயமில்லை. பத்தரை ஓட்டைகளைப் போட்ட மெஷின் அது. கால் மணி நேர ஆயுளுக்கு மலிவானதே போதும். நல்லதை வாங்கி வீட்டில் வைத்தால், அது எங்கள் கண்ணெதிரே உட்கார்ந்துகொண்டு பழையதைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்.

இணையத்தில் அதே கம்பெனியின் அதே மாடலுக்கு ஆர்டர் போட்டேன். நான்கு நட்சத்திரம்.

இது தர்க்கப்படி சரி. எழுதிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

பார்சல் நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது வந்திருக்கிறது. வினோதினி என்று என் பெயர் ஒட்டியிருந்ததால் ஏதோ புத்தகம் என்று நினைத்து அம்மா பிரித்திருக்கிறாள்.

நான் வந்தபோது அம்மா சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பெட்டி எதிரே இருந்தது.

"அதே பொட்டி" என்றாள்.

எல்லா மெஷினும் ஒன்றுதான், ஓர் ஓட்டைக்கு இது போதும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

"உங்கப்பா கடையில நல்லதத்தான் எடுத்தாரு. கையில வெச்சு ஓட்டிப் பாத்துட்டு எம் மூஞ்சியப் பாத்தாரு. வருஷத்துக்கு ரெண்டு ஓட்டைக்கு இது எதுக்குன்னு நாந்தான் இத எடுக்கச் சொன்னேன். ஒரு வார்த்த பேசல. அங்கயே வெச்சுட்டாரு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்க மாமன் சொல்றப்பெல்லாம் எம் பேரச் சொல்ற மாதிரியே இருக்குது கண்ணு. யாருகிட்டயும் சொல்லல. நாந்தான் அவரக் கொன்னுட்டேன்."

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன்.

அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் இருந்தது. வாய் வரை வந்தது. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். காரணம் என்ன என்று திரையில் கேட்டது. 'தேவைப்படவில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

அம்மா இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 18, புதன்

மலிவானது இனிமேல் இந்த வீட்டுக்குள் வர முடியாது.

நல்லதை வாங்கினால், ஆமாம் அம்மா, நீ அன்று இதை வாங்க விட்டிருந்தால் அவர் இருந்திருப்பார் என்று நானே அவளுக்கு ரசீதோடு கொண்டுவந்து கொடுத்த மாதிரி ஆகும்.

நாற்காலியில் அப்பா. சட்டைப் பையில் பேனாவோடு எடுத்த படம். யார் எதை வாங்கினாலும் பரவாயில்லை என்பது போன்ற முகம்.

இன்று அந்தப் பாதி ஓட்டைக்குள் ஊதுவத்தி ஒன்றை விட்டு அளந்தேன். என் சுண்டுவிரலின் ஒரு கணு ஆழம். உள்ளே இன்னும் சுண்ணாம்புத் தூள் இருக்கிறது. வெளியே எடுத்தபோது ஊதுவத்தியின் நுனி வெள்ளையாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

மறுபடி மன்சூர் பாய் கடை. இந்த முறை ஒரே ஒரு கேள்வியோடு போனேன். நல்ல மெஷினில் லாக் பட்டனைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடுகிறது. திரும்பி வந்தால் அது தானாக ஓடுமா?

ஓடாது என்று அவர் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். நல்ல மெஷின் என்றால் அதற்கு ஏதாவது வழி வைத்திருப்பார்கள் என்று.

அவர் மெஷினை எடுத்தார், லாக் போட்டு ஓட்டினார், மேசை மேல் வைத்துவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்தார். நின்றது. பிறகு போட்டார்.

மெஷின் மேசையில் துள்ளி ஓடியது. நான் பின்னால் நகர்ந்து பெயின்ட் டப்பாக்களில் மோதினேன்.

"பயந்துட்டீங்களா? இந்த மாதிரி லாக் வெச்ச மாடல்ல வெலை கூடுனதும் ஓடுமுங்க, கொறஞ்சதும் ஓடுமுங்க. முன்னால சுத்தற பிட்டுல கை இருக்குதா இல்லையான்னு மெஷினுக்கு என்ன தெரியும்? கரண்ட் போனா சுவிட்ச ஆஃப் பண்ணிரோணும். சுவிட்ச் ஆஃப்ல இருந்துச்சுன்னா எந்த மெஷினுங்க ஓடப்போகுது?"

ஆமாம் என்றேன்.

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் வீடு வரை நின்றுகொண்டே வந்தேன்.

நல்ல மெஷினாக இருந்திருந்தால் டிரிகர் போயிருக்காது. லாக்கைத் தள்ளி வைக்க வேண்டியிருந்திருக்காது. அம்மாவின் பங்கு அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

போன வருடம், இதே போல் ஒரு ஞாயிறு, பதினோரு மணிக்கு மேல். ஆனி மாதக் காற்று. காலையிலிருந்து கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. அம்மா சமையலறையில். அப்பா ஏணியில். சுவிட்ச் அருகில் நின்ற யாராவது ஒருவர், நான்.

இடது கையில் புத்தகம் வைத்திருந்தேன். அலமாரி எனக்காகத்தான் மாட்டப்படுகிறது, ஆனால் அங்கே நிற்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் 'போடு' என்றால் போட்டேன். 'ஆஃப்' என்றால் அணைத்தேன். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்றாவது ஓட்டை பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது.

"ஆஃப் பண்ணிரு கண்ணு. மொனை மழுங்கிருச்சு, பிட்ட மாத்திக்கறேன்."

தெளிவாகக் கேட்டது. கையை நீட்டினேன். விரலுக்கு அடியில் ஒரு சுவிட்ச் சொடுக்கியது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

இரண்டு நிமிடம் இருக்கும். அப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பிட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்தது. மெஷின் ஓடியது. ஃபேன் ஓடவில்லை.

நான் நிமிர்ந்தபோது அவர் விழுந்துகொண்டிருந்தார். ஜன்னல் திட்டின் கிரானைட் விளிம்பில் தலை. மெஷின் தரையில் கிடந்து சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நான்தான் அணைத்தேன். அப்போது அணைக்க முடிந்தது என்றால் அதுவரை அது போட்டபடியே இருந்திருக்கிறது. இதற்கு வேறு சான்று தேவையில்லை.

இன்னும் ஒன்று. அம்மா ஓடி வருவதற்குள் நான் பக்கத்து சுவிட்சையும் போட்டேன். அம்மா வந்தபோது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அவரிடம் ஓடவில்லை. முதலில் அதைச் செய்தேன்.

மெஷின் சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் மாமாவிடம் சொன்னதும் நான்.

ஜூன் 24, செவ்வாய்

நல்லதை வாங்கினேன்.

ஜூன் 26, வியாழன்

காலை பத்து மணி. நல்ல வெளிச்சம். நான் ஏணியில். பழைய ஏணி மாமா வீட்டுக்குப் போய்விட்டது. இது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது.

கேட்காமலேயே அம்மா போர்டு அருகில் போய் நின்றாள்.

"வேண்டாம்மா. இதுல கைய எடுத்தா தானா நின்னுரும்."

"இருக்கட்டும். நிக்கறேன்."

முதலில் சின்ன பிட். மெஷின் பாதி ஓட்டைக்குள் தானாகவே வழி கண்டுபிடித்துப் போனது. கைகளில் அதிர்வு தோள் வரை ஏறியது. வெள்ளைத் தூள் மணிக்கட்டில் கொட்டியது. அதில் கொஞ்சம் போன வருடத்தியது.

அடுத்து பெரிய பிட் மாட்ட வேண்டும். டிரிகரை விட்டேன். நின்றது. "ஆஃப்" என்றேன். சொடுக்கும் சத்தம் கேட்டது. பிட்டைப் பிடிக்க என் விரல்கள் போகவில்லை. மெஷினை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னாச்சு கண்ணு?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அன்னைக்கு அப்பா ஆஃப் பண்ணச் சொன்னாரும்மா. நான் பாக்காம ஃபேன் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டேன். புக்கு படிச்சிட்டிருந்தேன். மெஷின் சுவிட்ச் போட்டபடியே இருந்துச்சு."

இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல மெஷினா இருந்தாலும் ஓடியிருக்கும். கடையில கேட்டுட்டேன். நீ இல்லம்மா."

"நான் வந்தப்ப ஃபேன் ஓடிட்டிருந்துச்சே" என்றாள் அம்மா.

"நாந்தான் போட்டேன். நீ வர்றதுக்குள்ள."

திரும்பிப் பார்த்தேன். அம்மா போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு சுவிட்சுகளையும், ஒவ்வொன்றாக, முதல் தடவை பார்ப்பவள் போல. பிறகு நீல நாற்காலிக்குப் போய்ப் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். ஒரு வருடத்தில் முதல் முறை.

நான் ஏணியிலிருந்து இறங்கவில்லை. இறங்கலாமா என்று தெரியவில்லை. கால் மரத்துப்போயிற்று. வெளியே காய்கறி வண்டிக்காரர் வந்து, கூவி, போய்விட்டார். மேல் வீட்டில் ஏதோ நாற்காலி இழுபட்டது.

"ஒரு வருஷம்" என்றாள். என்னிடம் சொன்னாளா படத்திடம் சொன்னாளா தெரியாது. "ஒரு வருஷமா என்னையப் பாத்துட்டே இருந்திருக்கற."



பிறகு எழுந்தாள். படத்தை நாற்காலியில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போர்டுக்குப் போனாள். பிளக்கைப் பிடுங்கினாள். ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியின் அடிக்கு வந்து, பிளக்கை என் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். இன்னொரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஏணி ஆடிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"பாரு. எங்கையில இருக்குது. நீ பிட்ட மாத்து."

மாற்றினேன்.

ஜூன் 27, வெள்ளி

திதி முடிந்தது. படம் சுவரில். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. யாரும் சரிசெய்யவில்லை.

நேற்றிலிருந்து அம்மா என்னிடம் பேசவில்லை. இலையில் எனக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலை இரண்டாம் முறை கேட்காமல் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமா புது மெஷினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுதான் சாமான், அன்னைக்கே இதை வாங்கியிருந்தால் என்று ஆரம்பித்தார்.

"மெஷினப் பத்திப் பேசாதீங்கண்ணா" என்றாள் அம்மா. "அது ஒண்ணும் பண்ணல."

நான் சொல்வதற்காக அவள் காத்திருக்கவில்லை. நான் சொன்னேன். மாமாவிடம், எல்லோர் முன்னாலும், சுருக்கமாக. மாமா மெஷினை மெதுவாகக் கீழே வைத்தார்.

யாரும் எழுந்து போகவில்லை. ஹால் புழுங்கியது. நீல நாற்காலி காலியாக இருந்தது. அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போர்டுக்குப் போனேன். எந்த சுவிட்ச் என்று பார்த்து, ஃபேனைப் போட்டேன்.